குப்பைத் தொட்டிக்கு ஒரு கொண்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் விடியற்காலம் கரடி நடந்து போனதைக் கண்காணிப்பு கேமரா படத்தோடு போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். மூன்றாம் நாளே வாசகர் பகுதியில் இரண்டு கடிதங்கள். கரடியைக் கூண்டு வைத்துப் பிடித்து உள்காட்டில் கொண்டு விட வேண்டும் என்கிறார் ஒருவர். மலை நெடுக மின்வேலி போடச் சொல்கிறார் இன்னொருவர். நான் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கரடிக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் சிதறிக் கிடப்பவை எச்சில் இலைகள். கல்யாண வீட்டுப் பந்தி இலையாக இருக்கும் போல. இரண்டு கடிதத்திலும் அந்த டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுத வந்தது அந்த டிரம்மைப் பற்றி.

நான் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவன். ஊர் விக்கிரமசிங்கபுரம். 1987-இல் வேலைக்குச் சேர்ந்தேன். மறுவருஷம் நம்ம மலை களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆயிற்று. பாபநாசம்–காரையாறு ரூட்டில் எத்தனை டிரிப் அடித்தேன் என்று எனக்கே தெரியாது. எந்த வளைவில் மிளா மான் நிற்கும், எந்தப் பாறையில் குரங்குக் கூட்டம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் என்பதைக் கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்வேன். குரங்கு பஸ்ஸுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பின்னால் சொல்கிறேன்.

மகள் கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில் நனைமோ என்ற ஊரில் குடும்பமாக இருக்கிறாள். வான்கூவர் நகரம் வேறு, வான்கூவர் தீவு வேறு. நடுவில் கடல், கப்பலில்தான் போக வேண்டும். அந்தக் கப்பலுக்குள் பஸ்ஸையே ஏற்றி விடுகிறார்கள். பயணிகளெல்லாம் மேல்தளத்தில் கடலைப் பார்த்துக் கொண்டிருந்தபோது நான் கண்ணாடி வழியாகப் பஸ் நிறுத்தியிருந்த தட்டை எட்டி எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தேன். தொழில் புத்தி. நானும் வீட்டுக்காரியும் அங்கே ஐந்து மாதம் இருந்தோம்.

அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு கூத்து. மருமகன் முழுச் சால்மன் மீன் ஒன்று வாங்கி வந்தார். என் மனைவி நம்ம ஊர்க் கணக்கில் ஆய்ந்து, குழம்பு வைத்து, தலையும் குடலும் செதிலும் ஒரு பையில் கட்டி ராத்திரியே வெளியே தொட்டியில் போட்டுவிட்டாள். ஒன்பது மணிக்கு அழைப்பு மணி. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா, மேலே போர்வை மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். கோபம் இல்லை, ஆனால் அசையவும் இல்லை. மகள் மொழிபெயர்த்தாள்: “குப்பை வண்டி நாளைக் காலைலதான் வரும். அதுவரைக்கும் இத வெளிய வைக்காதீங்க. மீன் கழிவ ஃப்ரீசர்ல வச்சு, வண்டி வர்ற நேரத்துக்கு எடுத்து வைங்க.”

“சமைக்கிற மீனும் இருக்கும், அதோட குடலும் இருக்குமாக்கும்? நல்ல ஊருதான்” என்றாள் என் மனைவி. ஆனால் எடுத்து வைத்தாள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று மகளிடம் கேட்டேன். அப்போதுதான் அந்த ஊரின் இன்னொரு முகம் தெரிந்தது. குப்பை ருசி கண்ட கரடியை அங்கே கடைசியில் சுட்டுவிடுகிறார்கள். அந்த மாகாணத்தின் பெயர் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே ஆண்டுக்குச் சில நூறு கருங்கரடிகள் இப்படிச் சாகின்றன. பிடித்துத் தொலைவில் கொண்டு விட்டுப் பார்த்தும் இருக்கிறார்கள். பல கரடி திரும்ப வந்துவிடுகிறது. இல்லையென்றால், விட்ட இடத்துக்குப் பக்கத்து ஊரில் போய் அதே தொட்டியைக் கவிழ்க்கிறது. கூண்டு வைக்கச் சொன்ன வாசகர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கரடியை இடம் மாற்றலாம். அதன் நாக்கை எப்படி மாற்றுவது? அதனால்தான் அந்தப் பாட்டியம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றார். எங்கள் வீட்டு மீன் குடல் ஒரு கரடியின் சாவில் போய் முடியலாம் என்பது அவர் கணக்கு. கரடிக்கு வேண்டுமென்று தீனி போடுவதும், எடுத்துத் தின்னும்படி கவனமில்லாமல் வைப்பதும் அங்கே சட்டப்படி குற்றம். தோட்டத்தில் ஆப்பிள் உதிர்ந்து கிடந்தால்கூடப் பொறுக்கிவிடச் சொல்கிறார்கள்.

ஜூலை மாதம் தீவின் மேற்கோரத்துக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம். பசிபிக் ரிம் தேசியப் பூங்கா என்று பெயர், 1970-இல் ஏற்படுத்தியது. டொஃபினோ என்ற ஊருக்குப் பக்கம். காடு வந்து கடல் மணலில் முடிகிறது. குற்றாலத்துச் சாரல் மாதிரி மூடுபனி. வெயில் காலம் என்று பேர்தான், நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

கூடார இடத்தில் முதல் பாடம்: சாப்பிட்டு முடித்தால் மேஜைமேல் ஒரு கரண்டிகூட இருக்கக் கூடாது. அடுப்பு, பாத்திரம், தண்ணீர்ப் புட்டி, நாய்க்கு வைத்த கிண்ணம், எல்லாமே காருக்குள்ளோ இரும்புப் பெட்டிக்குள்ளோ போய்விட வேண்டும். சாப்பாடு மட்டும் இல்லை, வாசனை உள்ள எதுவும். பற்பசை, சோப்பு, தைலம் எல்லாம். பேரன் எங்கள் பையைக் குடைந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தான். தேங்காய் எண்ணெய் போயிற்று. நார்த்தங்காய் ஊறுகாய் போயிற்று. திருநீற்றுப் பையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “தாத்தா, இதுவும் வாசனதான்” என்றான். அதுவும் போயிற்று. ராத்திரி பூசிக்கொள்ளாமல் படுத்தேன். பூங்காக்காரர்கள் ஒரு சுற்று வருகிறார்கள். வெளியே எதையாவது விட்டுவைத்தால் எடுத்துக்கொண்டே போய்விடுவார்கள்.

அங்கேதான் அந்தக் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். நெஞ்சு உயரம், கெட்டி இரும்பு, தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது. தள்ளினால் அசையாது. மூடியின் விளிம்பில் ஒரு சின்ன இரும்புக் கூடு, தலைகீழாகக் கவிழ்த்த சோப்பு டப்பா மாதிரி. அதற்குள் நாலு விரலைக் கீழிருந்து மேலே நுழைத்தால் உள்ளே ஒரு நெம்பு தட்டுப்படும். அதை அமுக்கினால் கொண்டி விலகும், மூடி தூக்கும். கையை எடுத்தால் தன் பாரத்தில் விழுந்து, ‘டக்’கென்று தானே பூட்டிக்கொள்ளும். கரடியின் கை அந்தக் கூட்டுக்குள் நுழையாது. வெளியே பிடித்து இழுக்க ஒரு விளிம்பும் கிடையாது. பூட்டு இல்லை, சாவி இல்லை, காவல்காரன் இல்லை. நான் ஏழெட்டுத் தடவை திறந்து திறந்து மூடினேன். “போதும் தாத்தா, ஆளுங்க பாக்காங்க” என்று பேரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். கனடாவில் எவ்வளவோ பார்த்தேன். எண்ணூறு வயசு டக்ளஸ் ஃபர் மரத்தைக் கைவைத்துப் பார்த்தேன். ஊருக்கு வந்து நான் ஆட்களிடம் சொன்னது இந்த மூடியைப் பற்றித்தான்.

இன்னொரு நாள் தீவின் வடக்கே போய் ஓர்கா என்கிற கறுப்பு வெள்ளைத் திமிங்கிலத்தைப் பார்க்கப் படகேறினோம். ராப்சன் பைட் என்று ஒரு வளைகுடா. கரையோரக் கூழாங்கல்லில் ஓர்காக்கள் வந்து வயிற்றைத் தேய்த்துக்கொள்ளுமாம், நம்ம எருமை மதகுச் சுவரில் முதுகைத் தேய்க்குமே அது போல. 1982-இல் அதைக் காப்பிடமாக்கி, படகுகள் உள்ளே போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். எதிர்த்தீவின் பாறைமேல் தொலைநோக்கியோடு ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எங்கள் படகுக்காரர் எல்லைக்கு முன்னாலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். வெளியே இருந்தாலும் ஓர்காவிடமிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூரத்தில் கறுப்பாக மூன்று துடுப்பு எழும்பித் தாழ்ந்தது. மூச்சு விடுகிற சத்தம், டயரில் காற்று இறங்குகிற மாதிரி, நன்றாகவே கேட்டது. அவ்வளவுதான். அறுபது வயசு தாண்டிய ஒருவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் விடச் சொல்லிக் கேட்டார். படகுக்காரர் சிரித்தபடி தலையை ஆட்டிவிட்டார். அந்த அறுபது வயசுக்காரர் நான்தான்.

காரையாறு பஸ்ஸில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தை அது. “அண்ணாச்சி, ஒரு நிமிசம் நிறுத்துங்க, ஆனை நிக்கு.” நிறுத்தினால் இறங்குவார்கள். இறங்கினால் போட்டோ எடுக்க நாலடி போவார்கள். யானை திரும்பினால் படிக்கட்டில் ஐம்பது பேர் முட்டுவார்கள். அன்றைக்கு அந்தப் படகில் என் தொழிலை எனக்கே யாரோ செய்து காட்டியது போல இருந்தது.

மருமகனுக்கு மலையேறும் பைத்தியம் உண்டு. வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயில் என்று அந்தத் தீவின் கரையோரம் 75 கிலோமீட்டர் நடைபாதை. 1906-இல் வேலன்சியா என்ற கப்பல் பாறையில் மோதி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு, கரையேறுகிறவர்களைக் காப்பாற்றப் போட்ட பாதை அது. இப்போது மே 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் திறப்பு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. பதிவு இருந்தாலும், நுழையும் முன் உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறார்கள்: அலை ஏறும் நேரம், ஏணிகள், கரடி வந்தால் ஓடாமல் பேசிக்கொண்டே பின்வாங்குவது, குப்பை. அந்தப் பாதையில் குப்பைத் தொட்டியே கிடையாது. கொண்டு போனதைக் கொண்டுவர வேண்டியதுதான். ஏழாம் நாள் அவர் தாடியோடு வந்து பையை இறக்கியபோது, முதலில் வெளியே எடுத்தது இறுகக் கட்டிய ஒரு குப்பை மூட்டை. ‘இத்தனை பேருக்கு மேல் ஏறாதே’ என்பது எனக்குப் புதிசு இல்லை. முப்பது வருஷம் அதைத்தான் கத்திக் கொண்டிருந்தேன், யாரும் கேட்கவில்லை என்பது வேறு.

வெள்ளைக்காரன் பிறவியிலேயே ஒழுங்கு என்று பேச எனக்குப் பிடிக்காது, அது உண்மையும் இல்லை. தோலுக்காகக் கடல் நீர்நாயைச் சுட்டுச் சுட்டு, 1929-இல் அந்தக் கரையின் கடைசி ஒன்றையும் தீர்த்துக்கட்டினவர்கள் அவர்கள்தான். நம்ம தாமிரபரணி நீர்நாய்க்குத் தூரத்துச் சொந்தம். பிறகு 1969 முதல் 1972 வரை அலாஸ்காவிலிருந்து 89 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. டொஃபினோவுக்குப் பக்கத்திலேயே பழங்காட்டை வெட்ட வந்தபோது, 1993 கோடையில் ஜனங்கள் லாரிப் பாதையில் உட்கார்ந்து மறித்தார்கள். எண்ணூறு பேருக்கு மேல் கைதானார்கள். அதற்கு ஒன்பது வருஷம் முந்தியே, எதிரே உள்ள மியர்ஸ் தீவில் மரம் வெட்டவிடாமல் முதலில் நின்றவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். விளையாட்டுக்குக் கிரிஸ்லி கரடியைச் சுடுவதை மாகாணம் நிறுத்தியதே 2017-இல்தான். சட்டமும் மூடியும் எல்லாம் சண்டை போட்டு வந்தவை.

பூர்வகுடி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் வடக்கே ஹைடா குவாய் தீவுகளில், பழைய ஊர்களின் சிலைத்தூண்கள் நிற்கிற இடங்களைக் காப்பது ஹைடா மக்களே. கோடை முழுக்க அங்கேயே தங்கி, வருகிறவர்களுக்குக் கதை சொல்லி, ஒரு நேரத்தில் 12 பேருக்கு மேல் கரையிறங்க விடுவதில்லை. நான் போகவில்லை, செலவு கட்டாது. மகள் சொன்னபோது எனக்கு நம்ம மலையில் மயிலாறு காணிப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறுகிற ஆட்களின் நினைவு வந்தது. மழை வருமா, ஆனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று டிரைவர் அவர்களைக் கேட்டுத்தான் வண்டி எடுப்பார். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவரை ஏற்றி, காரையாறு போய்ச் சேருகிற வரை பேசச் சொன்னால் என்ன? டேப்பில் போடுகிற அறிவிப்பை எவன் கேட்கிறான்?

இனி அந்தக் குரங்குப் பாறை. காரையாறு கடைசி டிரிப் முடிந்ததும் பஸ்ஸைப் பெருக்குவோம். சீட்டுக்கு அடியில் பழத்தோல், முறுக்குத் தூள், பாதி தின்ற புளியோதரைப் பொட்டலம். அதை எங்கே போடுவோம் என்று நினைக்கிறீர்கள்? தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம். நான்தான் தள்ளினேன். வருஷக் கணக்காக. மீந்த வாழைப்பழத்தைப் பாறையில் குரங்குக்குப் போடுவதைப் புண்ணியம் என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் அவை பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு வந்தன. ஒரு தாய்க்குரங்கு எதிரே வந்த ஜீப்பில் அடிபட்டது. குட்டி அதன் வயிற்றை விடவே இல்லை. அப்போதும் எனக்குப் புரியவில்லை. நனைமோவில் அந்தப் பாட்டியம்மா நின்ற ராத்திரிதான் அது ஞாபகம் வந்தது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டம் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். நான் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றே செத்தவன். இப்போது சொந்த வண்டிகளை விடாமல் அகஸ்தியர்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கைப் பிடுங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கரடி பிளாஸ்டிக்குக்கு வருவதில்லை. ஆட்டுக்கறி எலும்பு, பொங்கச்சோறு, பழம், எண்ணெய் வாசனை, இதற்குத்தான் வரும். கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சி, நாவலும் இலந்தையும் பொறுக்கித் தின்று வயிறு கழுவுகிற சீவன். ராவெல்லாம் அலைந்து தேட வேண்டியது ஒரே டிரம்மில் கிடைத்தால் அது ஏன் புற்றைத் தோண்டப் போகிறது?

ஊருக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. பேரன் எடுத்த போட்டோவைக் காட்டி, ஆங்கிளும் தகரமும் வாங்கிக் கொடுத்து, 4,200 ரூபாய் செலவில் ஒரு தொட்டி செய்து என் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அதே கூடு, அதே நெம்பு, அதே ‘டக்’. தெருவே வந்து திறந்து பார்த்தது. கரடி வந்து சோதிக்கவில்லை, வேறு ஆள் வந்தார். ஒன்பதாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். கடுவன் குரங்கு ஒன்று தொட்டிமேல் ஏறி, குனிந்து, கூட்டுக்குள் கையை விட்டது. நாலு விரலை. கீழிருந்து மேலே. அமுக்கியது. மூடி தூக்கியது. முந்தின நாள் பலாச்சுளைக் கொட்டையை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், இன்ஸ்பெக்டர் டிக்கெட் செக்கிங்குக்கு ஏறியது போல.

பட்டறைக்காரத் தம்பி வயிறு வலிக்கச் சிரித்தான். “அங்க கொரங்கு கெடையாதுல்லா அண்ணாச்சி. அவன் கரடிக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கான். நமக்குக் கை உள்ளதுக்கும் சேத்துல்லா போடணும்.”

அவனே யோசித்தான். மூடியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கூடு, நடுவில் மூன்றடி. இரண்டு நெம்பையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கொண்டி விலகும். குரங்கின் கை அந்த அளவுக்கு எட்டாது. “ரெண்டு கொரங்கு பேசி வச்சுகிட்டு வந்தா?” என்று கேட்டேன். “அப்பம் அதுகளுக்கே குடுத்திருங்க” என்றான். இரண்டாவது தொட்டி நின்று மூன்று மாதம் ஆகிறது. கடுவன் பத்து நாள் வந்து பார்த்தது, பிறகு வரவில்லை. ஆனால் திறக்க இரண்டு கையும் வேண்டுமே, கையில் பை இருக்கிறவர்கள் என்ன செய்தார்கள்? பையை மூடிமேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. போன வாரம்தான் மூடியைச் சரிவாக மாற்றி, பக்கத்தில் பை மாட்ட ஒரு கொக்கி வைத்தோம். இப்போது எதையும் மேலே வைக்க முடியாது, வழுக்கி விழுந்துவிடும்.

தொட்டி என் வீட்டு வாசலில் இருக்கிறது. மலையடிவாரத்துப் பஞ்சாயத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து திறந்து பார்க்கலாம், அளவு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆடி அமாவாசைக்கு முன்னால் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் நாலு தொட்டி வைக்க உரியவர்கள் சம்மதித்தால், முதல் தொட்டியின் செலவு என் பென்ஷனில் இருந்து. மீதி மூன்றுக்கு ஆள் பிடிக்க உங்கள் நாளிதழ் ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
விக்கிரமசிங்கபுரம்.